கோட்டைச் சுவரில் வீரர்கள், கீழே ராட்சதக் கூட்டம்: முற்றுகைச் சண்டையை எழுதிப் படமாக்க முழுமையான வழிகாட்டி

ஒரு கோட்டை, உள்ளே கொஞ்சம் வீரர்கள், வெளியே எண்ணி மாளாத ராட்சத ஜந்துக்கள். ஃபேண்டஸி ஆக்‌ஷன் படம் எடுக்க ஆசைப்படும் யாரும் இந்தக் காட்சியை மனசுக்குள் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பார்கள். எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். பத்துப் பக்கம் வெட்டு, குத்து, வெடி என்று எழுதியிருப்போம், ஆனால் படிக்கிறவருக்குப் பதற்றமே வராது. கிராபிக்ஸ் போதவில்லை, பட்ஜெட் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், பார்க்கிறவருக்கு மூன்று விஷயம் தெரியாமல் போவதுதான் பெரும்பாலும் காரணம்: சுவர் எங்கே இருக்கிறது, எதிரி எதுவரை வந்துவிட்டான், நம்மிடம் மிச்சம் என்ன இருக்கிறது. இந்த மூன்றுக்கும் எந்த நிமிடத்திலும் பதில் தெரிந்தால் பத்து வீரர்களை வைத்துக்கூட நகம் கடிக்க வைக்கலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசப் போகிறேன். ஒன்று, ஜாங் யிமோ இயக்கி 2016-ல் வந்த 'தி கிரேட் வால்'. சோங் வம்சக் காலத்தில், 60 வருடத்துக்கு ஒரு தடவை படையெடுத்து வரும் தாவ்தியே என்ற ஜந்துக்களைச் சீனப் பெருஞ்சுவரில் நின்று தடுக்கும் வீரர்களின் கதை. இன்னொன்று, பீட்டர் ஜாக்சன் இயக்கி 2002-ல் வந்த 'தி டூ டவர்ஸ்'. அதில் வரும் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டையைத்தான் இன்றைக்கும் எல்லோரும் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் படத்துக்கு ஏறக்குறைய 15 கோடி டாலர் செலவானது. அதில் பிரமாதமான விஷயங்களும் உண்டு, கோட்டை விட்ட இடங்களும் உண்டு. இரண்டிலிருந்தும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

படி 1: வசனத்துக்கு முன்னால் வரைபடம்

ஒரு பெரிய தாளை எடுங்கள். சுவரை வரையுங்கள். கதவு எங்கே, படிக்கட்டு எங்கே, கிணறு எங்கே, காயம்பட்டவர்களைப் படுக்க வைக்கும் இடம் எங்கே, குழந்தைகள் ஒளிந்திருக்கும் இடம் எங்கே என்று குறியுங்கள். அப்புறம் சுவரில் ஒரு பலவீனமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஹெல்ம்ஸ் டீப்பில் அது தண்ணீர் வெளியேறும் ஒரு சின்ன மதகு. சண்டை தொடங்குவதற்கு வெகு முன்னாலேயே, எதிரி முகாமில் ஒருவன் அந்த மதகைப் பற்றிச் சொல்லிவிடுகிறான், அது நம் காதிலும் விழுந்துவிடுகிறது. பிறகு தீப்பந்தத்தோடு ஒருவன் அதை நோக்கி ஓடி வரும்போது நமக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை, இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறோம்.

ஜாக்சன் குழு அந்தக் கோட்டையை முதலில் 1:35 அளவில் சின்ன மாதிரியாகச் செய்து, பொம்மை வீரர்களை நிறுத்தி நகர்த்தித்தான் சண்டையைத் திட்டமிட்டது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். அட்டைப் பெட்டியை வெட்டிச் சுவர் செய்து, தாயக்கட்டையையோ சதுரங்கக் காய்களையோ வீரர்களாக வைத்து, செல்போன் கேமராவைத் தரை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் சுவர் உயரமாகத் தெரிகிறது, எங்கே நின்றால் கதவும் படிக்கட்டும் ஒரே ஷாட்டில் வருகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

திசையையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். எதிரி திரையின் இடமிருந்து வலமாக வருகிறான் என்றால் முழுச் சண்டையிலும் அப்படியே வரட்டும். அவன் வரும் பாதையை ஒரு கோடாக நினைத்துக்கொள்ளுங்கள், கேமரா அந்தக் கோட்டின் மறுபக்கம் போனால் யார் ஓடுகிறார், யார் துரத்துகிறார் என்று குழம்பும். தாண்டியே ஆக வேண்டும் என்றால், இடம் முழுவதும் தெரியும் ஒரு வைட் ஷாட்டில் கேமரா நகர்ந்து போவதைப் பார்வையாளர் கண்ணெதிரே காட்டுங்கள்.

சண்டைக்கு முன்பே பார்வையாளரை அந்த இடத்தில் ஒரு சுற்று நடத்திக் கூட்டிப் போக வேண்டும். தளபதி சுவரில் நடந்து போய் ஆட்களைச் சரிபார்க்கும் ஒரு சாதாரணக் காட்சி போதும்.

படி 2: ஜந்துவுக்குச் சட்டம் எழுதுங்கள்

நிறையப் பேர் இங்கேதான் தோற்றத்தில் மயங்கிவிடுகிறார்கள். எத்தனை பல், எத்தனை கொம்பு, தோலின் பளபளப்பு என்று மாதக்கணக்கில் படம் வரைவார்கள். அது வேண்டியதுதான், ஆனால் இரண்டாவது வேலை. முதலில் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். இந்த ஜந்து எதை வைத்து நம்மைக் கண்டுபிடிக்கிறது? எது அதைத் தடுக்கும்? அதற்கு என்ன வேண்டும்?

தாவ்தியே இதற்கு நல்ல உதாரணம். சீனப் புராணத்தில் அது அடங்காத பெருந்தீனியின் உருவம், ஷாங், ஜோ வம்சக் காலத்து வெண்கலப் பாத்திரங்களில் முறைத்துப் பார்க்கும் அந்த முகத்தை அருங்காட்சியகங்களில் காணலாம். படம் அந்தத் தீனி குணத்தை எடுத்துக்கொண்டு மேலே சட்டங்களைக் கட்டியது. கண்கள் தோளில் இருக்கின்றன. கூட்டம் முழுவதும் ஒரே ராணியின் கட்டளைப்படி இயங்குகிறது. மற்றவை இரை தேடுவது அவளுக்கு ஊட்டத்தான். காந்தக் கல் பக்கத்தில் இருந்தால் ராணியின் கட்டளை எட்டாது, ஜந்து மந்தமாகி நின்றுவிடும். இவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து எத்தனை காட்சிகள் பிறக்கின்றன பாருங்கள்: தலையைக் குறிவைக்கும் வில்லாளி ஏமாறுகிறான், ராணியைச் சுற்றிக் காவல் ஜந்துக்கள் குடை மாதிரி விரிந்து மறைக்கின்றன, ஒரு சின்னக் காந்தக் கல்லை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஜந்துவின் பக்கத்திலேயே போக முடிகிறது.

சட்டத்தைப் பயன்படுத்துவதற்குக் குறைந்தது ஒரு காட்சிக்கு முன்னாலாவது காட்டிவிடுங்கள். கடைசிச் சண்டையில் திடீரென்று "இதற்கு உப்பு ஆகாது" என்று ஒரு பாத்திரம் சொன்னால், அந்த நிமிடமே பார்வையாளர் உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். அதே உப்பை முதல் அரை மணி நேரத்தில், சமையல்கட்டில், யாரும் கவனிக்காத விதத்தில் ஒரு தடவை கொட்டிக் காட்டியிருந்தால் கைதட்டுவார்.

ஜந்து கற்றுக்கொள்ளவும் வேண்டும். முதல் தாக்குதலில் நேராக மோதுகிறது, அடி வாங்குகிறது. இரண்டாவதில் வேறு வழி தேடுகிறது. 'தி கிரேட் வால்' படத்தில் இரவில் இரண்டு ஜந்துக்கள் மட்டும் ஓசையில்லாமல் சுவரேறி வந்து தளபதியையே வீழ்த்திவிடும். ஆயிரக்கணக்கில் மோதிய முதல் சண்டையைவிட அந்த இரண்டுதான் எனக்கு அதிகம் பயம் காட்டின. இவை யோசிக்கின்றன என்பது அங்கேதான் உறைக்கிறது.

இன்னொரு விஷயம், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ராட்சதக் கூட்டத்தை வடிவமைக்கும்போது உயிரோடு இருக்கும் ஒரு மக்கள் கூட்டத்தின் நிறம், நகை, பேச்சு, முடி அலங்காரம் எதையும் அதன் மேல் ஒட்டாதீர்கள். உடையும் ஒப்பனையும் 'பயங்கரமாக' இருக்க வேண்டும் என்று தேடும்போது, பழங்குடி மக்களின் அணிகலன்களை எடுத்து மாட்டிவிடுவது மிகச் சுலபமாக நடந்துவிடும். பூச்சி, ஆழ்கடல் மீன், பூஞ்சை, எறும்புப் புற்று என்று இயற்கையில் கொட்டிக் கிடக்கிறது, அங்கே போங்கள்.

படி 3: வீரர்களைப் பிரித்துக் காட்டுங்கள்

ஹெல்மெட் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே ஆள். ஜாங் யிமோ இதை நிறத்தால் தீர்த்தார். கொக்குப் படைக்கு நீலம், கழுகுப் படைக்குச் சிவப்பு, கரடிப் படைக்குக் கறுப்பு. எவ்வளவு தூரத்து ஷாட்டிலும் யார் எந்த வேலை செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கட்டளையெல்லாம் முரசில் போகிறது, எனவே சண்டையின் ஒழுங்கு காதிலும் விழுகிறது.

நீலம் உடுத்திய கொக்குப் படைப் பெண்கள் இடுப்பில் கயிறு கட்டி, சுவரிலிருந்து நீட்டிய மேடைகளிலிருந்து ஈட்டியோடு தலைகீழாகப் பாய்வார்கள். குத்திவிட்டு மேலே இழுக்கப்படுவார்கள், அடுத்த ஈட்டி கைக்கு வரும், மறுபடி பாய்ச்சல். பார்க்க நடனம் மாதிரி அழகாக இருக்கிறது. பிறகு ஒரு கயிறு மேலே வருகிறது, நுனியில் ஆள் இல்லை, ரத்தம் படிந்த வெறும் வளையம். சாவை நேராகக் காட்டாமலே அந்தப் படையின் முழு ஆபத்தையும் அந்த வளையம் சொல்லிவிடுகிறது. உங்கள் கதையில் இப்படி ஒரு பொருள் வேண்டும். செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

முகங்கள் ஐந்தாறு போதும். தளபதி, முதல் தடவை சண்டைக்கு வரும் பையன், பழைய ஆள், வேலையை விட்டு ஓட நினைப்பவன், சமையல்காரர் அல்லது கொல்லர். ஹெல்ம்ஸ் டீப்பில் வயதானவர்கள், பையன்கள் கையில் ஆயுதம் கொடுத்து நிறுத்துவார்கள். கதாநாயகர்களில் ஒருவனான அரகார்ன் ஒரு பையனின் வாளை வாங்கி வீசிப் பார்த்து, நல்ல வாள் என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பான். அந்தப் பையனுக்குச் சண்டையில் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அப்புறம் சுவர் இடியும்போதெல்லாம் அவன் என்ன ஆனான் என்று நம் மனசு தேடும்.

படி 4: கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்

எத்தனை பேர், எத்தனை அம்பு, எத்தனை குடம் எண்ணெய், விடிய எத்தனை நேரம். நான்கையும் ஒரு அட்டவணையாகப் போட்டு, காட்சிக்குக் காட்சி குறைத்துக்கொண்டே வாருங்கள். அகிரா குரோசாவா 1954-ல் எடுத்த 'செவன் சாமுராய்' படத்தில் தலைமைச் சாமுராய் கொள்ளையர்களை வட்டங்களாகத் தாளில் வரைந்து, ஒவ்வொருவன் சாகும்போதும் ஒரு வட்டத்தை அடிப்பார். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, ஒரு இடத்திலும் கணக்கு தப்புவதில்லை.

ஜந்துக்கள் எண்ணில் அடங்காதவை என்றால் அவற்றை எண்ணாதீர்கள், நம் பக்கத்தை எண்ணுங்கள். அம்புக் கூட்டில் மூன்றுதான் மிச்சம் என்பதை க்ளோசப்பில் காட்டிவிட்டால், அடுத்து எய்யும் ஒவ்வொன்றும் தனிக் காட்சியாகிவிடும்.

படி 5: ஆயுதங்கள்

சோங் வம்சம் உண்மையிலேயே இந்த விஷயத்தில் கில்லாடி. 1044-ல் தொகுக்கப்பட்ட வூஜிங் ஸோங்யாவ் என்ற போர் நூலில் வெடிமருந்து தயாரிக்கும் கலவைகளே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே படத்தில் வெடிமருந்தைத் தேடி ஐரோப்பியக் கூலிப்படையினர் வருவது வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. சுவர் விஷயத்தில் படம் கொஞ்சம் சுதந்திரம் எடுத்துக்கொண்டது, இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கும் கல் சுவரில் பெரும்பகுதி பிறகு வந்த மிங் வம்சம் கட்டியது.

தமிழில் எழுதுகிறவர்கள் ஆயுதத்துக்காக வெளியே தேடி அலையவே வேண்டாம். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில் மேல் இருந்த பொறிகளின் பட்டியல் வருகிறது. தானே வளைந்து எய்யும் வில், கல் உமிழும் கவண், கொதிக்கும் எண்ணெய், உருக்கிய செம்பு, மதில் உச்சியைப் பற்றும் கைகளைக் குத்தும் ஊசிகள், பறந்துபோய்க் கண்ணைக் கொத்தும் மீன்கொத்தி வடிவப் பொறி. சுவரேறி வரும் ஒரு ஜந்து கடைசிக் கல்லைப் பிடிக்கிறது, உள்ளிருந்து ஊசி வரிசை சட்டென்று எழும்புகிறது. எப்படிப்பட்ட ஷாட் அது! உரையோடு அந்தப் பகுதியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு பலவீனம் வையுங்கள். எண்ணெய் கொதிக்க நேரமாகும், வில்லின் நாண் மழையில் தளரும், பெரிய கவணைத் திருப்ப எட்டுப் பேர் வேண்டும்.

படி 6: சண்டையை அடுக்குவது

இதுதான் முதுகெலும்பு, இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

காத்திருப்பில் தொடங்குங்கள், அதை நீட்டுங்கள். ஹெல்ம்ஸ் டீப்பில் பத்தாயிரம் பேர் வந்து நிற்கிறார்கள், மழை பிடித்துக்கொள்கிறது, கவசங்களில் துளிகள் தட்டும் ஓசை. யாரும் நகரவில்லை. சுவரில் நிற்கும் ஒரு கிழவரின் நடுங்கும் கையிலிருந்து அம்பு தவறிப் போய்விடுகிறது. எதிரியில் ஒருவன் சரிகிறான். ஒரு கணம் அப்படியே எல்லாம் நிற்கிறது, அதன் பிறகுதான் கர்ஜனை. வீர வசனத்தில் தொடங்காமல் ஒரு கை நடுக்கத்தில் தொடங்கியதால்தான் அந்தச் சண்டை அவ்வளவு உண்மையாக இருக்கிறது.

அடுத்து, முதல் மோதலில் நம் ஆட்கள் ஜெயிக்கட்டும். திட்டம் வேலை செய்கிறது, முரசு ஒலிக்கிறது, கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. அப்போதுதான் பிறகு உடையும்போது வலிக்கும்.

மூன்றாவது, பின்வாங்கும் கோடுகள். குறைந்தது மூன்று வேண்டும். 1879 ஜனவரி 22, 23 தேதிகளில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் ஏறக்குறைய 150 பிரிட்டிஷ் வீரர்கள் ஆயிரக்கணக்கான சூலு வீரர்களை எதிர்த்து நின்றார்கள். அவர்களிடம் கோட்டை கிடையாது. சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கிச் சுற்றுச் சுவர் எழுப்பினார்கள். காக்க வேண்டிய வட்டம் பெரிது, ஆள் போதாது என்று தெரிந்ததும் நடுவே பிஸ்கட் பெட்டிகளால் இன்னொரு சுவர். மருத்துவமனைக் கட்டடம் தீப்பிடித்தபோது, உள்ளே இருந்தவர்கள் அறைக்கு அறை சுவரைக் குடைந்து நோயாளிகளை இழுத்து வந்தார்கள். கடைசியாக மூட்டைகளை உயரமாகக் குவித்து நடுவில் ஒரு சின்ன அரண். வட்டம் சுருங்கச் சுருங்க எல்லாம் கூர்மையாகிறது. அந்தப் போரின் அரசியல் வேறு, சூலு மக்கள் தங்கள் மண்ணுக்காகப் போராடியவர்கள். திரைக்கதைக்காரருக்கு அதில் கிடைப்பது இடம் சுருங்கும் விதம். ஹெல்ம்ஸ் டீப்பும் அப்படித்தான் போகிறது: வெளிச்சுவர், பிறகு வாயில், பிறகு மண்டபத்தின் கதவு. நடுநடுவே குகையில் ஒடுங்கியிருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் காட்டிக்கொண்டே இருப்பார்கள், மேலே இடிக்கும் சத்தம் அவர்களுக்குக் கேட்கும். அடுத்து விழப் போவது யார் தலையில் என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

'தி கிரேட் வால்' சறுக்கிய இடமும் இதுதான். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சுவரை ஜந்துக்கள் சுரங்கம் தோண்டித் தாண்டித் தலைநகருக்குப் போய்விடுகின்றன. யோசனை புத்திசாலித்தனமானது, ஆனால் கதை சுவரை விட்டுப் போனதும் நமக்கு மனப்பாடமான இடம் கைநழுவிவிடுகிறது. புது நகரம், புது கோபுரம், எதையும் நாம் முன்னே பார்த்ததில்லை. ராணி செத்ததும் மற்ற எல்லாம் அப்படியே உறைந்து நின்றுவிடுவதால் கடைசி வெற்றி ஒரே வெடியில் முடிந்துபோகிறது. இப்படி ஒரு முடிவு உங்களுக்கு வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ராணியையே சுவருக்கு வர வையுங்கள். அல்லது தலைநகரத்தை முதல் பாதியிலேயே, ஒரு குடும்பத்தை வைத்து, தெருவும் வீடுமாக அறிமுகப்படுத்திவிடுங்கள்.

கடைசியாக, உதவிக்கு வரும் படை. ஹெல்ம்ஸ் டீப்பில் மந்திரவாதி கந்தால்ஃப் ஐந்தாம் நாள் விடியலில் கிழக்கே பார் என்று முன்பே சொல்லிவிட்டுப் போவதால்தான் அந்த வரவு எடுபடுகிறது. முன்னறிவிப்பே இல்லாமல் வரும் உதவிப் படையை எழுதவே எழுதாதீர்கள்.

படி 7: படப்பிடிப்பு

இரவு, மழை, பனிமூட்டம். மூன்றும் அழகுக்கு மட்டும் இல்லை, இல்லாததை மறைக்கவும் உதவும். 'தி கிரேட் வால்' பனிமூட்டக் காட்சியில் வீரர்கள் ஊளையிடும் அம்புகளை எய்வார்கள். அம்பு தைத்த ஜந்து நகரும்போது சத்தம் நகரும், அதை வைத்துக் கண்ணுக்குத் தெரியாததைக் குறிபார்ப்பார்கள். பணம் குறைவாக இருக்கும் குறும்படக் குழுவுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது: ஒரு புகை இயந்திரம், பத்து நடிகர்கள், நல்ல ஒலி.

ஆனால் இரவுப் படப்பிடிப்பு ஆளை வாட்டும். ஹெல்ம்ஸ் டீப்பை நியூசிலாந்தின் வெலிங்டனுக்குப் பக்கத்தில் ஒரு கல் குவாரியில், செயற்கை மழையில், இரவு இரவாக மாதக்கணக்கில் எடுத்தார்கள். உங்கள் குழுவுக்குச் சூடான சாப்பாடு, மாற்று உடை, முதலுதவி, வீட்டுக்குக் கொண்டுவிட வண்டி, இவை பட்ஜெட்டின் முதல் வரியில் இருக்கட்டும். ஈரத் தரையில் ஓட வேண்டிய ஷாட்டை ஸ்டண்ட் மாஸ்டர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் எடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆளிடம் நிஜக் கூர்முனை எதையும் கொடுக்கவே கூடாது.

கவசத்துக்கு இரும்பு வேண்டாம். ஜாக்சன் குழு பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக வெட்டிக் கையால் கோர்த்துத்தான் சங்கிலிக் கவசங்கள் செய்தது. வெள்ளிப் பூச்சு அடித்துக் கொஞ்சம் கறுப்பு தேய்த்தால் இரவு வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது.

நடிகர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்பதில் கவனம். ஜந்துவின் தலை உயரத்துக்கு ஒரு கம்பு, அதன் நுனியில் பந்து, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்கட்டும். ஐந்து பேர் ஐந்து உயரத்தைப் பார்த்தால் எவ்வளவு நல்ல கிராபிக்ஸும் அதைக் காப்பாற்றாது. முடிந்த இடத்தில் ஒரு நிஜக் கையோ வாலோ செய்து வையுங்கள், நடிகர் அதைத் தள்ளும்போது தோளில் வரும் திணறல் தானாக வரும்.

பெரிய கூட்டம் வேண்டுமென்றால், ஹெல்ம்ஸ் டீப்புக்குப் பயன்படுத்திய மாசிவ் மென்பொருளின் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு உருவமும் சுற்றிலும் பார்த்துத் தானே முடிவெடுக்கும், அதனால்தான் கூட்டம் நகலெடுத்த மாதிரி தெரியவில்லை. உங்கள் துணை நடிகர்களையும் அதே போல ஆளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்து அனுப்புங்கள்: ஒருவர் தடுக்கி விழட்டும், ஒருவர் திரும்பிப் பார்க்கட்டும், ஒருவர் விழுந்தவரை இழுக்கட்டும்.

படி 8: ஒலியும் எடிட்டிங்கும்

ஜந்துவின் குரலைச் சீக்கிரமே தேடத் தொடங்குங்கள், கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஹெல்ம்ஸ் டீப்பைத் தாக்கும் உருக்-ஹாய் என்ற எதிரிப் படையின் முழக்கத்துக்காக ஜாக்சன் வெலிங்டன் மைதானத்தில் கிரிக்கெட் பார்க்க வந்த ஏறக்குறைய 25,000 ரசிகர்களைக் கோஷம் போட வைத்துப் பதிவு செய்தார். உங்கள் ஊர்த் திருவிழாவிலோ கல்லூரி ஆண்டு விழாவிலோ அனுமதி வாங்கி ஒரு கூட்ட ஒலியைப் பதிவு செய்யலாம், சுருதியைக் கீழே இறக்கினால் அடையாளமே தெரியாது. எருமை, யானை, கதவுக் கீல், உரலில் கல் உரசுவது என்று எல்லாவற்றையும் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள். சண்டையின் உச்சத்தில் பின்னணி இசையை நிறுத்தி, மூச்சையும் மழையையும் மட்டும் விட்டுப் பாருங்கள்.

எடிட் ஓரளவு கூடி வந்ததும் இரண்டு சோதனை செய்யுங்கள். முதலில் ஒலியை முழுசாக அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். நடுவில் மூன்று நான்கு இடத்தில் நிறுத்தி, கதவு எந்தப் பக்கம், ஜந்துக்கள் இப்போது எதுவரை வந்திருக்கின்றன, உயிரோடு யார் யார் என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு வைட் ஷாட் குறைகிறது என்று அர்த்தம், அது கையில் இல்லாவிட்டால் போய் எடுத்து வாருங்கள். அப்புறம் படத்தை மூடிவிட்டு ஒலியை மட்டும் ஓட விடுங்கள். முரசு நிற்கும் இடம், சுவர் உடையும் இடம், உதவிப் படையின் கொம்பு கேட்கும் இடம், இவை மூன்றும் காதிலேயே பிரிந்து தெரிந்தால் கலர் வேலைக்கு அனுப்பிவிடலாம்.